உன் விடுப்புக் கடிதத்தில் ஒரு வரி

இன்று அலுவலகப் பலகையில் யாரோ பசை தடவி ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் கடிதம் நினைவுக்கு வந்தது. நீ இறந்து ஆறு மாதமாகிறது.

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரையில் கூரை ஓடு செய்யும் கம்பெனியின் அலுவலகத்தில் பெண்கள் நாம் இருவர்தான். விடுப்புக் கடிதம்கூட ஆங்கிலத்தில் வேண்டும் என்பார் மேலாளர். நீ பஸ் ஸ்டாண்டில் ஆங்கிலச் சொற்றொடர்களுக்குத் தமிழில் பொருள் போட்ட ஒரு புத்தகம் வாங்கி, உன் ஊரான பொழியூர் பஸ்ஸில் போகவர அதைப் படிப்பாய்.

உன் அப்பாவின் அடக்கத்துக்கு வந்த என்னிடம், அழுத முகத்தோடு விடுப்புக் கடிதத்தைத் தந்தாய்.

"வாசிச்சுப் பாத்துக்கோ மக்கா. தப்பு உண்டெங்கில் திருத்திக் குடு."

பஸ்ஸில் பிரித்தேன். அப்பா 'கிக்ட் த பக்கெட்' என்று எழுதியிருந்தாய். புத்தகத்தில் 'இறந்துபோதல்' என்று மட்டும் போட்டிருந்திருக்கும். அது கேலிப்பேச்சு, வேண்டாதவனின் சாவைச் சொல்லிச் சிரிக்கிற பேச்சு என்று ஆங்கிலம் படித்த எனக்குத் தெரியும். கையில் பேனா இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேலாளர் உரக்க வாசித்தார். புரியாதவர்களுக்கு நானே பொருள் சொன்னேன்: "அப்பன் வாளியை உதைச்சாராம்." எல்லோரும் சிரித்தார்கள். கடிதத்தைப் பலகையில் ஒட்டினார்கள். பத்து நாள் அது அங்கே இருந்தது. தினமும் அதைக் கடந்துபோய்ச் சோறு தின்றேன். நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நீ திரும்பி வந்து பலகை முன்னால் நின்றாய். ஒருவன் வாளியை உதைப்பதுபோல் காலை ஆட்டிக் காட்டினான். நீ கடிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, மேலாளர் மேசையில் வைத்தாய்.

"எனக்க அப்பன் செத்துப்போனாரு சார். அத இங்கிலீஷில சொல்லணும்னு கேட்டது நீங்களாக்கும்."

பிறகு என்னிடம் வந்தாய்.

"நீ வாசிக்கலையா மக்கா?"

"நேரம் கெடைக்கல்ல."

"போட்டு, விடு. ஒனக்கும் எனக்க வீட்டுல அலைச்சல்தானே."

என்னை நம்பினாய். என் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே வந்து நின்றாய். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நான் வாசித்தேன். தெரிந்துதான் கொடுத்தேன்.