துண்டுக்குள் பிடித்த விரல்

மாட்டுக்காக அலங்காநல்லூரில் ஊர் உலகமெல்லாம் வந்து தெருவில் உட்கார்ந்த வருசம் அது. வாடிவாசல் திறந்த சந்தோசம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மழை இல்லை. சித்திரையில் உசிலம்பட்டிச் சந்தைக்கு வந்த மாட்டு உருப்படிகள் எலும்பும் தோலுமாக நின்றன. வந்த விலைக்கு ஏற்றிவிட்டுப் போனார்கள். அந்த வருசம் ஆனி மாதம்தான் நீயும் நானும் காலேஜ் பார்க்கப் போனோம்.

இன்றைக்கு அதைக் கிளப்பிவிட்டது ஒரு வாடை. உன் மகள், தான் வேலை பார்க்கிற உரக்கடையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். துணியெல்லாம் பூச்சிமருந்து வாடை. நான்தான் வரச்சொன்னேன். கைநாட்டைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

"ஒங்கப்பனுக்கு ஒரு கடுதாசி எழுதணும் தாயி" என்றேன்.

"செத்தவருக்கு எந்த அட்ரஸ் போடுறது பெரியப்பா?"

"நீ எழுது. அட்ரஸ நான் பாத்துக்கிறேன்."

"எழுதுறேன். ஆனா அவரப் பத்திப் பெருமையா எதுவும் சொல்லாதீக. எழுத மாட்டேன்."

நீ போய் இரண்டு வருசம் ஆகியும் அவளுக்குக் கோபம் தீரவில்லை. அது உன்மேல் இருக்க வேண்டிய கோபமே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. 'இதையுமா எழுதணும்?' என்பதுபோல என்னைப் பார்த்தாள். எழுது என்றேன்.

அந்த ஆனியில் அவளுக்கு அரசு விவசாயக் காலேஜில் இடம் விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் அவளிடம், "பீஸும் கம்மி, படிப்பும் கெட்டி, கண்ண மூடிக்கிட்டுச் சேரு" என்று சொல்லியிருந்தார். அதே வாரம் ஒரு தனியார் காலேஜ்காரர்கள் வழவழவென்று அச்சடித்த புத்தகத்தோடு உன் வீடு தேடி வந்தார்கள். நீ அந்தப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாய். எழுத்துத் தெரியாத நாம் இரண்டு பேரும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

"அண்ணே, படத்தப் பாத்து மாடு வாங்குவமா? நேர்ல போயிப் பாப்போம். நீங்க பாத்தா சரியா இருக்கும்" என்றாய்.

உனக்கு என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. முப்பது வருச மாட்டுத் தரகில் நான் பிடித்துக் கொடுத்த ஒரு மாடாவது உன் கட்டுத்தறியில் மக்கர் பண்ணியது இல்லை. அந்தப் பெருமையில் நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். விசாரிக்க வேண்டியது என்ன, காட்டச் சொல்ல வேண்டிய தாள் எது என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். நமக்குத் தோன்றவில்லை. விவசாயப் படிப்புதானே, நிலத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நினைத்தோம்.

நம் ஊர்ச் சீனியின் மாடு ஏற்றும் வண்டியில் போனோம். அவன் முன்னால் ஓட்ட, பின்னால் மாடு நிற்கும் இடத்தில் சாக்கு விரித்து நாம் இருவரும். அரசுக் காலேஜ் வாசலில் காவல்காரர் வண்டியைச் சுற்றிவந்து, "மாடு ஏத்தவா வந்தீக? இன்னைக்கு ஏலம் ஒண்ணும் இல்லையே" என்றார். "இல்லண்ணே, பிள்ளைய எறக்க எடம் பாக்க வந்தோம்" என்று நீ சொன்னாய். மூன்று பேரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் சிரித்தது அது ஒன்றுதான்.

உள்ளே போனால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு பயிர் இல்லை. மண்ணை அள்ளினேன், விரலிடுக்கில் மாவாக ஒழுகியது. சட்டையெல்லாம் புழுதியாக ஒரு வாத்தியார் வந்து நின்று பேசினார்.

"ஐயா, இதுக்குத் தண்ணி பாய்ச்சுறதில்ல. மானாவாரிக் காடு எப்படியோ அப்படியே வச்சிருக்கோம். மழை பொய்ச்சாலும் எது தாங்குதுன்னு பிள்ளைகளே விதைச்சுப் பாக்கும்."

அந்த மனிதர் மறைக்காமல் சொன்னார். நான்தான் கேலி பண்ணினேன். "தண்ணி இல்லாமக் காயப்போட எங்க ஊர்ல நாங்களே சொல்லித் தருவமே சார். அதுக்கு ஒரு காலேஜாக்கும்?"

நீ அதற்குள் வரப்பில் தள்ளிப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாய். அங்கிருந்து கூப்பிட்டாய்.

"அண்ணே, இங்க வாங்களேன். இந்தக் கம்பப் பாருங்க. நம்மூர்ல எல்லாம் கருகிப்போச்சு. இது குட்டையா நின்னாலும் கதிர் பிடிச்சிருக்கு. உள்ள மணி இருக்கு."

நான் வரவில்லை. "கதிரப் பாத்தது போதும். வெயில் ஏறுது, வா" என்று இங்கிருந்தே சத்தம் போட்டேன். நீ எழுந்து வந்தாய்.

தனியார் காலேஜ் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சொட்டுநீர்க் குழாய், இடுப்பளவு சோளம், தொட்டி நிறையத் தண்ணீர், சீமைப் பசுக்கள் மடி தொங்க நின்றன. மண்ணை உருட்டினேன், உருண்டை நின்றது. நுனி நாக்கில் வைத்தும் பார்த்தேன். உப்பு இல்லை. சந்தைக்குக் கொண்டுவருகிற அன்றைக்கு மாட்டுக்கு வயிறு முட்டத் தவிட்டுத் தண்ணீர் காட்டி, கொம்பைச் சீவி எண்ணெய் தடவி நிறுத்துகிறவனைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிப்பவன் நான். ஒரு காலேஜும் அப்படி நிற்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

திரும்பி வரும்போது செக்கானூரணி தாண்டியதும் நீ என் தோளிலிருந்த துண்டை எடுத்து நம் இரண்டு பேர் கைமேலும் விரித்தாய். சந்தையில் விலை பேசுகிற மாதிரியே. "ரெண்டுல எது? மொதப் பாத்ததுன்னா ஒரு விரல். பெறகு பாத்ததுன்னா ரெண்டு" என்றாய். நான் உன் இரண்டு விரலைச் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். நீ கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. "அந்தக் கம்பு…" என்றாய். நான் இன்னும் அழுத்தினேன். துண்டை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டாய்.

துண்டுக்குள் பேசியது வெளியே வரக்கூடாது என்பது சந்தைக் கட்டு. வண்டி ஓட்டிய சீனிக்கும் தெரியாது. வீட்டில் போய், "நான் பாத்துட்டேன், அரசாங்கக் காலேஜ் வேணாம்" என்று நீ சொன்னாய். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

பிறகு நடந்ததை அவளே அறிவாள். கிணற்றுக்காட்டை விற்றுத்தான் அந்தக் காலேஜுக்குக் கட்டினாய். பச்சைப் பசேலென்ற அந்த நிலத்தைக் கூலி ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளை அதில் இறக்கியது போட்டோ எடுக்க மட்டும். படிப்பு முடிந்து அரசாங்க வேலைக்கு மனுப் போட்டாள். காலேஜுக்கு வேண்டிய அங்கீகாரம் இல்லை என்று மனு திரும்பிவிட்டது. அன்றைக்கு உன் வாசலில் நின்று அவள் கத்தியதை நானும் கேட்டேன். "நீங்கதானப்பா கெடுத்தீக. எங்கூட இனிமேப் பேசாதீக." நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா தாயி, நான்தான்" என்றாய். நான் மூன்றடி தள்ளி நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

நிலமில்லாமல் நீ திருநகரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேனாகப் போனாய். ஒருமுறை அங்கே வந்து, அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சும்மா இருங்கண்ணே" என்றாய். "துண்டுக்குள்ள பேசுனத வெளிய விட்ட தரகன்னு தெரிஞ்சா, சந்தையில ஒங்க கையில எவன் விரலக் குடுப்பான்? ஒங்க பொழப்பு போயிரும். எம்பிள்ள கோவம் எம்புட்டு நாளைக்கு? வார பொங்கலுக்குள்ள பேசிரும்."

எனக்கு அது வசதியாக இருந்தது. அதுதான் நிசம். பொங்கல் வந்தது. தட்டை வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள் என்று சொன்னாய். சித்திரையில், பட்டப்பகலில், அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். நான் அதற்குப் பிறகும் இரண்டு வருசம் சந்தையில் விரல் பிடித்தேன்.

இந்த இடத்தில் அவள் பேனாவை நிறுத்திவிட்டாள். பூச்சிமருந்து வாடையோடு உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. "கதிர் எம்புட்டு நீளம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நான் பாக்கலையே தாயி. ஒங்கப்பன்தான் பாத்தான்."

"மணி பிடிச்சிருந்துச்சுன்னு அவரு சொன்னாரா?"

"சொன்னான்."

"அதையும் எழுதிட்டேன். மேல சொல்லுங்க" என்றாள்.

மேலே சொல்ல அதிகம் இல்லை. போன வாரம் சந்தைக்குப் போய், விரல் கொடுக்க வந்தவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். "ஆமா தாயி, நான்தான்" என்று நீ சொன்ன அந்தச் சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. இன்றைக்கு வந்துவிட்டது, நீ கேட்க இல்லை.

அந்த ஆனி மாதத்து ஆட்களை எண்ணிப் பார்க்கிறேன். உன் பெண்டாட்டி கொரோனாவில் போனாள். சீனிக்குச் சர்க்கரையில் காலை எடுத்தார்கள், பிறகு அவனும் இல்லை. அந்த டீச்சரும் தவறிவிட்டாராம், இப்போதுதான் உன் மகள் சொன்னாள். நீ இல்லை. என்னை உயிரோடு இருக்கிறவர்களில் சேர்க்காதே. சேர்க்கிற மாதிரி நான் நடந்துகொள்ளவில்லை. மிச்சம் ஒருத்திதான். இனி என் முகத்தில் விழிப்பதும் விழிக்காததும் அவள் இஷ்டம். அட்ரஸில் போட வேண்டிய பேரை நான் சொல்கிறேன், அவளே எழுதட்டும்.

தனலட்சுமி.