எண்ணெய் சூடாகும்வரை

இன்று காலை அலுமாரியை ஒதுக்கும்போது, பழைய துவாய்களுக்கு அடியில் அந்த நீலப் போர்வை கிடந்தது. எத்தனை முறை தோய்த்தும் இயந்திர எண்ணெயின் மணம் அதை விட்டுப் போகவில்லை. நிலத்தில் இருந்து, அதை முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதேன்.

சண்டைக்காலத்தில், ஊரில் குண்டுபோடும் விமானச் சத்தம் கேட்டால் பங்கர் குழிக்குள் ஓடியவர்கள் நாங்கள் இருவரும். மெல்பேர்னுக்கு வந்து, மகனும் வளர்ந்தபின், நீங்கள் பறக்கப் பழகினீர்கள். இரண்டு பேர் இருக்கக்கூடிய பழைய விமானம் ஒன்றை வாங்கப்போவதாகச் சொன்ன அன்று, சமைத்துக்கொண்டிருந்த நான் கோபத்தில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே நின்று சொன்னீர்கள்: "அவங்கட சத்தத்துக்கு ஓடினது போதுமப்பா. இது எங்கட சத்தம்."

விமானக் கொட்டகையில் இடம் கிடைக்கவில்லை. நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன விமானத்தளத்தில், கயிற்றால் நிலத்தோடு கட்டி, வெட்டவெளியில்தான் நிறுத்தினோம். குளிர்காலக் காலைகளில் இறக்கைகள் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். சுடுதண்ணீர் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். "ஊத்தினா அதுவும் சேந்து உறைஞ்சு போகும். செட்டையை வெயிலுக்குத் திருப்புவம். மிச்சத்தை நீர்தான் துவாயால துடைக்கவேணும்" என்று சிரித்தீர்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மூலையில் வைப்பீர்கள், அதற்கும் குளிரும் என்று. இயந்திரம் இருக்கும் விமான மூக்கை இந்தப் போர்வையால் மூடி, சின்ன ஹீற்றரின் குழாயை உள்ளே விட்டுவிட்டு, காருக்குள் இருந்து இஞ்சித் தேத்தண்ணி குடிப்போம். மேலே பறந்ததைவிட அந்தக் காத்திருப்புத்தான் எனக்குப் பிடித்திருந்தது. அதை உங்களிடம் சொன்னேனா என்று நினைவில்லை.

ஈரலில் புற்றுநோய் என்றார்கள். குளிர்காலம் தொடங்கும்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டீர்கள். "பிளேன் சும்மா நிண்டா உள்ளுக்குத் துருப்பிடிச்சிடும். ஒருக்காப் போய் எஞ்சினை ஓட விடுமன்" என்பீர்கள். நான் நாளைக் கடத்திக்கொண்டே வந்தேன். இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன என்று டொக்டர் சொன்னபின், ஒரு காலை நீங்கள் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுத் தெளிவாக இருந்தீர்கள்.

"நான் நல்லாத்தானே இருக்கிறன். போட்டு வாரும். எண்ணெய் நல்லாச் சூடாகுமட்டும் நிப்பாட்டாதேயும்."

மகனை உங்கள் பக்கத்தில் இருத்திவிட்டுப் போனேன்.

எல்லாம் நீங்கள் காட்டித்தந்தபடியே செய்தேன். வீட்டிலிருந்த பற்றரியைக் கொண்டுபோய்ப் பூட்டினேன். ஹீற்றரை வைத்துக் காத்திருந்து, பிறகு போர்வையை எடுத்தேன். சில்லுகளுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஏறி உங்கள் இடத்தில் இருந்தேன். இயந்திரம் முதல் முறை இருமி நின்றுவிட்டது. அடுத்த முறை பிடித்துக்கொண்டது. உடனே மகனுக்குப் போன் எடுத்து, உங்கள் காதில் வைக்கச் சொல்லி, சத்தம் கேட்கட்டும் என்று பிடித்தேன். நீங்கள் ஏதோ சொன்னீர்கள்.

"என்னப்பா? கேக்கேல்லை" என்று கத்தினேன். மறுபடியும் சொன்னீர்கள். கேட்கவில்லை. வந்து கேட்கலாம் என்று நினைத்தேன். போனை நிறுத்தாமல் பக்கத்து ஆசனத்தில் வைத்துவிட்டு, எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிவாக ஓடியது. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று சந்தோஷமாக இருந்தேன்.

இயந்திரத்தை நிறுத்தியதும், அந்த அமைதிக்குள் ஆசனத்திலிருந்து மகனின் குரல் வந்தது. "அம்மா... அம்மா..." என்று எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானோ.

எப்படிக் காரை ஓட்டி வந்தேன் என்று தெரியாது. நான் வந்து பிடித்தபோது உங்கள் கை ஆறிப்போயிருந்தது.

செத்தவீடெல்லாம் முடிந்தபின்தான், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மகனிடம் கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "'குளிருதெண்டா அம்மாவைக் காருக்குள்ள இருக்கச் சொல்லு' எண்டவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர். நித்திரை எண்டுதான் நினைச்சனான், அம்மா."

விமானத்தை விற்றுவிட்டேன். வாங்கியவர்களுக்குக் கொட்டகை இருக்கிறது.

இப்போதெல்லாம் குளிர் நாளில் எங்கு போனாலும், காரில் ஏறிக் கதவைச் சாத்தியபின் உடனே கிளம்புவதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன். நீங்கள் இருக்கச் சொன்னீர்கள், இருக்கிறேன்.