அத்தை சுற்றிய பாபின்

சூரத்,
ஆனி 20

அன்பு மருமகள் மாரிசெல்விக்கு மாமா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் அக்காவும் சுகம்தானே? எனக்கு இங்கே ராஜவாழ்க்கை. போர்வை தைக்கும் நாற்பது மெஷினுக்கும் அடிநூல் பாபினில் நூல் சுற்றிக் கொடுப்பது மாமா ஒருத்தன்தான். நான் தும்மினால் கம்பெனியே நின்றுவிடும்.

போன வாரம் ஒரு வேடிக்கை. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். "உம்ம வேகத்தைக் காட்டும் அண்ணாச்சி" என்றான் என்னோடு வேலை பார்க்கும் புளியங்குடி இசக்கித்துரை.

"கண்ண மூடிக்கிட்டே சுத்துதேன், பாருலே!"

பாபினில் மிச்ச நூல் இருந்தால் பிளேடால் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் புது நூல் சுற்றுவோம். அப்படியே அறுத்து அறுத்துச் சுற்றினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணைத் திறந்தால், கீழே வெள்ளை நூலுக்கு நடுவில் பச்சை நூல் துண்டு துண்டாகக் கிடந்தது. உன் அத்தை சாவதற்கு முந்தின நாள் சுற்றியது. எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும் அந்தப் பாபின் எப்போது மற்ற பாபின்கள் கிடக்கும் தட்டில் விழுந்ததோ. பரவாயில்லை, நூல்தானே.

ஒரு சின்ன வேலை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அத்தை மெஷினில் பாவாடை தைத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். அந்த மெஷினுக்குள் இருக்கும் பாபினும் அவள் சுற்றியதுதான், அதே பச்சை நூல். அதைக் கலையாமல் எடுத்து, ஊருக்கு வரும் இசக்கித்துரையிடம் கொடு. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஷிப்டு மணி அடித்துவிட்டது. ஏற்கெனவே தைத்துத் தீர்த்திருந்தால் அதை என்னிடம் சொல்லாதே மக்கா. வேறொரு பாபினில் பச்சை நூல் சுற்றி, அத்தை சுற்றியது என்று சொல்லிக் கொடுத்துவிடு. நான் நம்பிக்கொள்வேன்.

மாமா காளிராஜ்