பழந்தின்னியின் கணையமும் என் மச்சானின் ஊசியும்

நெடுந்தீவின் முடிசூடா மன்னரே, ஆயிரம் மாடுகளுக்கு அதிபதியே (உண்மையில் பதினொன்று), என் அருமை மச்சான் சிவக்கொழுந்து,

நீர் போய் ஒரு வருசமாகிறது. ஆட்டைத் திவசத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் உம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லி உம் மனைவி, என் தங்கச்சி, கேட்டாள். அவளுக்கு அண்ணன், உமக்கு மச்சான், ஊருக்குப் பகிடிக்காரன். என்னை விட்டால் வேறு யார்? எழுதத்தான் இருந்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. வேறொன்று வந்தது.

உம் மகள் பவானி கம்பசில் விலங்கியல் படித்தாளே, ஆராய்ச்சிக்கென்று வௌவால் பிடிக்க வந்தாளே, நினைவிருக்கிறதா? இடிந்த கோட்டைக்குள் பூச்சி தின்னும் சின்ன வௌவால், ஆலமரத்தில் பழந்தின்னி. மீன்வலையை மரத்தில் கட்டி நாம் இருவரும் இழுத்த இழுப்பில் இலங்கையே ஒரு முழம் நகர்ந்தது. ஒவ்வொரு பழந்தின்னியும் கன்றுக்குட்டி அளவு. இல்லையென்று யார் வந்து சொல்லப்போகிறார்?

அடுத்த விடுமுறையில் வந்து, கண்டதைக் கொப்பியில் படமாய்க் கீறிக் காட்டினாள்.

"இது பூச்சி தின்னியின்ர கணையம், அப்பா. செமிக்கிற சாறு சுரக்கிற பகுதிதான் இதில கூட. இது பழந்தின்னியின்ர. இன்சுலின் சுரக்கிற திட்டுகள் பெரிசு, கனக்க. அதுதான் அவ்வளவு இனிப்பையும் திண்டுபோட்டுச் சுகமாய்ப் பறக்குது."

"அப்ப நானும் பழம் திண்டால் எனக்கும் உந்தத் திட்டு வளருமோ, பிள்ளை?" என்று கேட்டீர்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. அது எத்தனையோ லட்சம் வருசமாய் அந்த இனத்துக்கு வந்தது. உங்கட நீரிழிவுக்கு இன்சுலின் ஊசிதான்."

இதைவிடத் தெளிவாய் ஒரு பிள்ளை சொல்ல ஏலுமோ, மச்சான்?

அடுத்த நாள் அவளைப் படகேற்றிவிட்டு வந்து வெறுந்தேத்தண்ணி குடித்தோம். நீர் பனங்கட்டியைக் கடித்தீர். சீனிதானே கூடாது, பனங்கட்டி சீனியில்லையே என்பது நம் தீவு முழுவதும் ஒப்புக்கொண்ட வைத்திய சாத்திரம். நான் அதற்கு மேலும் ஒரு அத்தியாயம் எழுதினேன்.

"வௌவாலுக்குத்தான் லட்சம் வருசம். நெடுந்தீவான்ர உடம்புக்கு மூண்டு கிழமை காணும். ஊசியை நிப்பாட்டிப்போட்டுக் கணையத்தைப் பழக்கும்."

நீர் சிரிக்கவில்லை. "உண்மையாவோ, மச்சான்?" என்று கேட்டீர். எட்டு வருசமாய் ஊசிக்குப் பயந்த மனிசன் கேட்ட கேள்வி அது. இல்லை என்று ஒரு சொல் சொல்ல எனக்கு என்ன வருத்தம்? நம்புகிற ஒருவன் கிடைத்தால் நான் நிறுத்துகிறவனா?

கை நடுங்காதவன் என்று தினமும் காலையில் உமக்கு ஊசி போடும் உத்தியோகத்தை எனக்கல்லவா தந்திருந்தீர். அடுத்த காலையும் வழமைபோல் கிணற்றடிக்குப் போனோம்.

"அண்ணை, ஊசி போட்டாச்சோ?" குசினிக்குள் இருந்து தங்கச்சி கேட்டாள்.

"ஓமடி, போட்டாச்சு."

கிணற்றடி வாழைக்குப் போட்டேன். நீர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர். பத்து நாள் அந்த வாழைக்கு மருந்து கிடைத்தது. உமக்கு மாம்பழமும் பனங்கட்டியும் கிடைத்தன.

குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தீர். "கிணறு வத்தப்போகுது" என்று அதற்கும் பகிடி விட்டேன். பிறகு வாந்தி. குறிகட்டுவான் துறையில் படகிலிருந்து இறக்கும்போது உமக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஊசி ஒழுங்காய்ப் போட்டதோ என்று கேட்டார். "ஒரு நாளும் தவறேல்லை" என்று தங்கச்சி முந்திக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உலகத்திலேயே அதிகம் கதைக்கிற வாய், மச்சான். அன்றைக்குத்தான் அதற்கு மௌன விரதம்.

செத்தவீட்டில் தங்கச்சி குழறி அழுதாள்: "வௌவால் கதை சொல்லி மனிசனைப் பழம் தின்னப் பண்ணிப்போட்டாளே!" பவானி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அதன் பிறகு அவள் கம்பசுக்குப் போகவில்லை. கொப்பி அலுமாரிக்குள் கிடக்கிறது. உம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறாள். இந்த மாதம் முடியுமுன் வராவிட்டால் இடம் இல்லையென்று கம்பசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

"எப்ப பிள்ளை வெளிக்கிடுறாய்?" என்று போன கிழமை கேட்டேன்.

"அப்பாவைக் கொண்ட படிப்பு எனக்கேன், மாமா?" என்றாள். சொல்லிக்கொண்டே எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் குடித்தேன். குடிக்க முடிந்தது, பாரும்.

உம்மைக் கொன்றது அவள் படிப்பில்லை. அவள் சொன்னது சரி, கீறிக் காட்டியதும் சரி. ஊசி ஒருநாளும் தவறவில்லை என்று நம்பியதால்தான் தங்கச்சி பிள்ளையைப் பழித்தாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான். ஒரு வருசமாய் என் முகத்தைக் காப்பாற்ற உம் மகளை விற்றேன்.

இது அச்சுக்குப் போகுமுன், நாளைக் காலை தங்கச்சியையும் பவானியையும் எதிரில் இருத்தி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நானே வாசிப்பேன். நடுவில் ஒரு பகிடியும் விடமாட்டேன். அதன் பிறகு அந்த வீட்டுப் படலை எனக்குத் திறக்காது, தெரியும். பிள்ளை படகேறினால் போதும்.

இப்படிக்கு,
உம் மனைவியின் அண்ணன்,
நாளைக் காலை வரைக்கும் பவானியின் மாமன்.