நீங்க புள்ளி வெச்ச நடை

ஏனுங்க மாமா,

கூப்பிட்டா உடனே திரும்பிப் பாக்கற வழக்கம் உங்களுக்கு என்னிக்கும் இருந்ததில்லை. இப்பவும் திரும்ப வேண்டாம். கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்.

கொல்லங்கோட்டில் மழை பிடிச்சிருச்சு. ஸ்டுடியோ கதவு ஊறிப்போய்ச் சாத்த மாட்டேங்குது, உங்க தம்பி வந்து இழைச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். எனக்குத்தான் மனசு ஆறலை. செத்துப்போன மனுசன் மேல என்னடி கோபம்னு எங்கம்மா கேக்கறாங்க. கோபம் இல்லைங்க, பொறாமை. அதை உங்ககிட்ட அல்லாம வேற யார்கிட்டச் சொல்லுவேன்?

நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா என் பக்கத்தில் நின்னு நீங்க அதைப் பாத்ததே இல்லை.

கோயம்புத்தூரில் சினிமாக் கொட்டகை விளம்பரத்துக்குப் பொம்மைப் படம் வரைஞ்சவர் நீங்க. சோப்புக் கட்டிக்குக் கை கால் முளைச்சு ஓடற மாதிரி, தாள் தாளா வரைஞ்சு ஓட விடுவீங்க. அதைக் கேள்விப்பட்டுத்தான் கட்டைக்கால் பொருத்தற ஆசுபத்திரி டாக்டர் உங்களைத் தேடி வந்தார். "மனுசன் நடக்கறதைப் படம் பிடிச்சு, ஒவ்வொரு அசைவா நிறுத்திப் பாக்கணும். எங்க பிசகுதுன்னு எனக்குக் கோடு போட்டுக் காட்டணும். முடியுங்களா?" அவர் கேட்டு முடிக்கும் முன்னாடியே நீங்க கேமராப் பெட்டியைத் துடைக்க ஆரம்பிச்சிட்டீங்க.

அப்படித்தான் பொன்னுத்தாய் நம்ம ஊட்டுக்குள்ள வந்தா. ஆளா வரலை, நீங்க எடுத்துக்கிட்டு வந்த பிலிம் சுருளா வந்தா.

பீர்மேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவ. ஜீப் கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போச்சு. டாக்டர் கட்டைக்கால் மாட்டிவிட்டும், சமதரையில் நடக்கிறவளுக்குச் சரிவில் கால் நிக்கலை. வேலைக்கு வரலைன்னா தோட்டத்தில் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும்னு எஸ்டேட்டில் சொல்லிட்டாங்க. அவளுக்கும் அவ அப்பனுக்கும் வேற கூரை கிடையாது. இதெல்லாம் நீங்களே எனக்குச் சொன்னதுதான். பாவம்னுதான் நானும் நினைச்சேன், முதல் வாரம்.

உங்க மேசைக் கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரியும், அதில் அவ நடை ஒரு அசைவாய் வந்து நிக்கும். மேல மெல்லிசுத் தாளை வெச்சு இடுப்பு, முட்டி, கணுக்கால்னு புள்ளி வெப்பீங்க. புள்ளிகளைக் கோடாச் சேப்பீங்க. அப்புறம் கைப்பிடியைச் சுத்தி அடுத்த அசைவு. சோத்துக்குக் கூப்பிட்டா, "இரு, அவ காலை ஊனட்டும்"னு சொல்லுவீங்க. இலையில் போட்ட சோறு ஆறும். அவ இன்னும் காலைத் தூக்கிக்கிட்டே நிப்பா.

தாள்களை அடுக்கி விரலால் நீங்க சரசரன்னு விட்டீங்கன்னா வெறும் கோடு ஒண்ணு நொண்டி நொண்டி நடக்கும். முகம் கிடையாது, சேலை கிடையாது. ஆனாலும் பாத்ததும் அவதான்னு தெரியும். என்னை அப்படிக் கோடாப் போட்டா உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்குமா?

ஒரு நாள் கேட்டே போட்டேன். "ஏனுங்க, என் நடையைப் படம் பிடிச்சிருக்கீங்களா?"

"நீ நல்லாத்தான நடக்கறே. பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. நானும் சிரிச்சேன். அந்த வார்த்தை உள்ளே போன முள்ளு மாதிரி இன்னும் அங்கேயேதாங்க இருக்கு.

அப்புறம் டாக்டர் வந்து, உங்க கோடுகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலைன்னு சொன்னார். சேலைக்குள்ளே முட்டி எங்கே இருக்குன்னு நீங்க குத்துமதிப்பாப் புள்ளி வெச்சிருந்தீங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சு, காலையில் காப்பி குடிச்சுக்கிட்டே சொன்னீங்க: "இறுக்கமா ஒரு கால்சட்டை போடச் சொல்லி, மூட்டு மூட்டுக்குக் கறுப்பு நாடா ஒட்டிட்டுத்தான் படம் எடுக்கணும்."

"யாரு ஒட்டறது?"

"நான்தான். வேற யாரு?"

என் காப்பியை நான் குடிக்கலை. "நீங்க ஒட்ட வேண்டாங்க. நானும் வர்றேன்."

நான் ஒத்தாசைக்கு வர்றேன்னு நினைச்சுச் சந்தோசப்பட்டீங்க பாருங்க, அதை நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது.

பொள்ளாச்சி, தேனி, கம்பம்னு பஸ் மாறி, குமுளி மலை ஏறினோம். வழியெல்லாம் அவ எப்படி இருப்பாளோன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். கறுப்பா, ஒல்லியா, பல்லு கொஞ்சம் தூக்கலா இருந்தா. அழகி இல்லைன்னு பாத்ததும் நிம்மதி வந்திருக்கணும். வரலையே. அழகுக்காகப் பாத்திருந்தா ஒரு நாள் சலிச்சுப் போயிருக்கும்னு தோணுச்சு.

நான் தைச்சுக் கொண்டுபோன கால்சட்டையை லயத்து அறைக்குள்ளே போட்டுவிட்டேன். அவ முட்டியில் விரல் படாம, நாடாவை நுனியில் பிடிச்சு ஒட்டப் பாத்தேன்.

"பயப்படாமத் தொடுங்க அக்கா. இப்ப வலிக்கல."

"உனக்குக் கூச்சமா இல்லையா, ஆம்பளை படம் எடுக்கிறாரே?"

"ஆரு, உங்க வீட்டுக்காரவுகளா?" சிரிச்சா. "எம் மூஞ்சிய அவுக இன்னும் பாத்ததே இல்லக்கா. காலத்தான் பாப்பாக. கடத்தெருவுல எதுக்க வந்தா, நடந்து காட்டுனாத்தான் அவுகளுக்கு என்னயத் தெரியும்."

என்னை ஆத்தறதுக்குத்தான் சொன்னா. ஆனா எனக்கு அது வேற மாதிரிப் பட்டுச்சு. நடையை வெச்சே ஒருத்தியைத் தெரியும்னா அதுக்கு மேல என்ன வேணும்? என்னை எதை வெச்சுத் தெரியும் உங்களுக்கு? குழம்பை வெச்சா?

ஊருக்கு வந்ததும் உங்க பக்கத்திலேயே உக்காந்தேன். கைப்பிடியை நான் சுத்துவேன், புள்ளியை நீங்க வெப்பீங்க. உங்களை அவகூடத் தனியா விடக் கூடாதுன்னுதான் உக்காந்தேன், வேற எதுக்கும் இல்லை. எல்லாம் ஒரே பென்சிலில் இருந்துச்சு. "அவ சொந்தக் கால் எது, கட்டைக்கால் எதுன்னே தெரியலையே"ன்னு எரிஞ்சு விழுந்தேன். நீங்க கொஞ்ச நேரம் என்னையே பாத்தீங்க. அப்புறம் கட்டைக்காலுக்குச் சிவப்பு, சொந்தக் காலுக்கு நீலம்னு ரெண்டு பென்சில் எடுத்து வெச்சீங்க.

அப்பத்தான் தெரிஞ்சுது. சரிவில் இறங்கறப்ப சிவப்புக் கோடு வெளிப்பக்கமா வீசி, இடுப்பு மேலே ஏறுச்சு. கட்டைக்கால் கொஞ்சம் நீளம். டாக்டர் அதைக் குறைச்சு, கணுக்காலையும் மாத்தினார். கொழுந்து பறிக்கப் போக முடியலைன்னாலும், மேட்டு மேல இருக்கற எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை கொடுத்தாங்க. லயத்து வீடு தங்குச்சு. நாம மறுபடி பீர்மேட்டுக்குப் போய், அவ அந்த மேட்டில் இறங்கி வந்ததைப் பாத்த அன்னிக்கு உங்க முகத்தில் ஒரு சிரிப்புப் பாத்தேன். நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட அதை நான் பாக்கலை.

உங்க காரியத்துக்கு அவ வந்திருந்தா. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தா. "எவ்வளவு நல்லா நடக்கறா!"ன்னு சொந்தக்காரங்க பேசிக்கிட்டாங்க. என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். ஆனா மனசுக்குள்ளே ஒரு கணக்கு ஓடுச்சுங்க. அவ காலை ஊனற ஒவ்வொரு தடவையும் அதில் நீங்க இருக்கீங்க. என்கிட்ட எதில் இருக்கீங்க?

இப்ப நான் புதுசாச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. டாக்டர் இப்பவும் சுருளை இங்கேதான் அனுப்பறார். புள்ளி வெக்கிறது நான். போன மாசம் பனையிலிருந்து விழுந்த ஒருத்தருடைய படம் வந்துச்சு. நெஞ்சுக்குக் கீழேதான் எடுத்திருந்தாங்க, முகம் இல்லை. அன்னாடம் அதிலேயே கிடந்து, இடது இடுப்பு சாயறதைக் கோடு போட்டு டாக்டருக்கு அனுப்பினேன்.

போன வெள்ளிக்கிழமை கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கிட்ட ஒருத்தர் முன்னாடி போறார். பின்பக்கம்தான் தெரியுது. நடையைப் பாத்ததுமே பனையிலிருந்து விழுந்தவர்தான்னு தெரிஞ்சுது. "ஏனுங்க, இடது இடுப்பு இப்ப நேரா வருதே!"ன்னு நடுரோட்டில் கத்திட்டேன்.

அவர் திரும்பறதுக்கு முன்னாடி கூட வந்த அவர் சம்சாரம் திரும்பினா. "ஏனுங்கக்கா, எங்க ஊட்டுக்காரர் இடுப்பு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

அந்தப் பார்வை எனக்குத் தெரியுங்க மாமா. அதை நான் எத்தனை வருசம் வெச்சிருந்தேன்!

அவர் முகத்தை அன்னிக்குத்தான் முதல் தடவையாப் பாத்தேன். அவர் யாரு எவருன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அவர் நல்லா நடக்கணும்னு மட்டும் அவ்வளவு ஆசைப்பட்டிருக்கேன். நீங்களும் அவ்வளவுதானா? அவ்வளவுதான்னா ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் கையைப் பிடிச்சு உக்காரவெச்சு, "இதைப் பாரு, இதுக்குள்ளே இதுதான் இருக்கு"ன்னு சொல்லியிருக்கலாமேங்க.

உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. பொன்னுத்தாய் பேரைக் கேட்டா இன்னும் எரியத்தான் செய்யுது. ஆனா செக்போஸ்டுக்கிட்ட என்னைக் கேட்ட அந்தப் பொண்ணைக் கையோட நம்ம ஊட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்றா. உங்க மேசைக் கண்ணாடிக்கு முன்னாடி உக்காரவெச்சு, அவ புருசன் நடையைத் தாள் தாளாக் காட்டுவேன். கைப்பிடியை அவ கையில கொடுப்பேன். அவ கேக்கற எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன். சோறு ஆறிப்போகும் முன்னாடி எழுந்திரிச்சு அவளோட உக்காந்து சாப்பிடுவேன். இது சத்தியம்.

நல்லா நடக்கிறதால நீங்க பாக்காமலே விட்ட,
உங்க ஊட்டுக்காரி