சிட்டுவைப் பற்றி ஒரு பத்தி

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி சண்டை.

உங்கள் வாழ்க்கை வரலாற்றில் போட ஸ்டில்கள் கேட்டு, ஓர் அத்தியாயத்தையும் அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். நீங்களும் சிட்டுவும் அக்கா தங்கையாக நடித்த அதே படத்தைத்தான் இப்போது எங்கள் லேபில் சுத்தம் செய்கிறேன். பழைய சுருளை ஸ்கேன் பண்ணி, கீறலும் தூசியும் நீக்குகிற வேலை. அதனால் என்னிடம் கதை விட முடியாது.

"சிட்டுவுக்கு அழவே வராது. கிளிசரின் போட்டு, துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள்" என்று உங்கள் வரலாற்றை எழுதித் தரும் எழுத்தாளரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அத்தை, அந்த அழுகை ஒரே ஷாட். நடுவில் ஒட்டே கிடையாது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைகிறது.

இதையாவது மறதி என்று விடலாம். அடுத்த பத்தி? "தயாரிப்பாளர் வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் அவளுக்கு அந்த வேஷம் வந்தது, எல்லாருக்கும் தெரியும்." எல்லாரும் என்றால் யார்? பெயர் சொல்லுங்கள். இல்லையென்றால் பத்தியை எடுங்கள். இரண்டும் முடியாதென்றால் ஸ்டில் கிடையாது.

அப்பாவிடம் கோள் சொல்லிச் சிரமப்பட வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

கோபத்தில் இருந்தாலும் உங்கள்
மருமகன்


மார்ச் 11

மருமகனுக்கு அத்தை எழுதுவது.

முட்டி வலிக்கத்தான் செய்கிறது. கேட்டாயே, அதுவே பெரிசு.

உன்னைப் படிக்க வைத்தது நானா, சிட்டுவா? புத்தகத்தில் எல்லாருமே நல்லவர்களாக இருந்தால் எவன் வாங்குவான்? "இந்தப் பத்திதான் விற்கும்மா" என்று பதிப்பகத்தாரே சொன்னார். அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். இனி அவளுக்கு என்ன வலிக்கப் போகிறது? இருந்தபோது மேடைக்கு மேடை என்னை "மரக்கட்டை" என்றாளே, கூட்டமே கைதட்டியதே, அப்போது நீ எங்கே இருந்தாய்? பிறக்கவே இல்லை. பெரிய நீதிபதி!

நீ ஸ்டில் தராவிட்டால் ஊரில் வேறு ஆளா இல்லை?

வேளைக்குச் சாப்பிடு. லேபே கதி என்று கிடக்காதே.

அத்தை


மார்ச் 15

அத்தை,

செத்தவளுக்கு வலிக்காது, சரி. அவள் மகள் இருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சர். நாளைக்கு அந்த அம்மா வகுப்புக்குள் நுழையும்போது பின் பெஞ்சில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் ஒருத்தன் பல்லை உடைத்தேன், நீங்கள்தான் வந்து என்னை மீட்டுப் போனீர்கள். எதற்காக அடித்தேன் என்று கடைசிவரை நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது கேளுங்கள். உங்களோடு நடித்த கதாநாயகரின் வாழ்க்கை வரலாறு அப்போதுதான் வந்திருந்தது. அதில் உங்களைப் பற்றி நாலு வரி. அவன் அதை மெஸ்ஸில் சத்தம் போட்டுப் படித்தான். "எல்லாருக்கும் தெரியும்" என்றுதான் அதுவும் முடிந்தது. அதே பின்வாசல். ஆள்தான் வேறு.

அன்றைக்கு அது பொய் என்று நம்பி அடித்தேன். சிட்டு விஷயம் பொய்யா நிஜமா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததை எழுதினால் அது வரலாறு இல்லை, வன்மம். மரக்கட்டை என்றாளா? தாராளமாகப் போடுங்கள். அது நீங்களே காதால் கேட்டது.

அந்தப் பத்தியோடு புத்தகம் வந்தால் வெளியீட்டு விழாவுக்கு வருவேன். கூட்டத்தில் எழுந்து, "எல்லாரும் என்றால் யார்?" என்று கேட்பேன். அத்தையாயிற்றே என்று பார்க்க மாட்டேன். படிக்க வைத்தது நீங்கள்தான், மறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கவா படிக்க வைத்தீர்கள்?

மருமகன்


ஏப்ரல் 2

டேய்,

எழுத்தாளரைக் கூப்பிட்டு உன் கேள்வியைச் சொன்னேன். உனக்காக இல்லை, உன் வாயை அடைக்க. "பெயர் சொல்லுங்கம்மா, போட்டுடலாம்" என்று பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

யோசித்தேன். அந்த மேக்கப்காரன். அந்தப் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒரு பத்திரிகைக்காரன். அவளைப் பற்றி என் காதில் ஓதியது இந்த மூன்று பேரும்தான். என்னைப் பற்றி ஊரெல்லாம் ஓதியதும் இவன்களேதான். இந்தப் பயல்களையா நான் சாட்சிக்குக் கூட்டி வருவேன்? பத்தியை அடித்துவிட்டேன். அழுகைச் சமாசாரத்தையும். பதிப்பகத்தார் முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும்.

உடனே குதிக்காதே. மரக்கட்டை என்றது புத்தகத்தில் இருக்கிறது. தினமும் செட்டுக்கு லேட்டாக வந்து, லைட்டுக்கு அடியில் என்னை வேக வைத்ததும் இருக்கிறது. அது என் வியர்வை, எவனும் ஓதியது இல்லை. அவள் மகள் டீச்சர் இல்லை, கலெக்டராகவே இருந்தாலும் அதை எடுக்க மாட்டேன். அவளைத் தேவதையாக்க நான் புத்தகம் போடவில்லை.

விழாவுக்கு வா. முன் வரிசையில் உட்கார். எழுந்து நின்றுதான் ஆக வேண்டும் என்றால் நில், ஆனால் கேள்வியை மாற்று. "சிட்டு நல்லா நடிச்சாளா?" என்று கேள். இத்தனை வருஷப் பேட்டியில் அதை மட்டும் ஒருத்தனும் என்னிடம் கேட்டதில்லை.

உன் அத்தை