கைகள் எழுந்த வரிசை

ஜூன் 4
ஆற்றங்கரை வெள்ளத் தடுப்புச் சுவருக்கான வரைபடம் முடிந்தது. நாளை மறுநாள் அந்தக் கரையோரத் தெருக்காரர்களைக் கூட்டி விளக்க வேண்டுமாம். காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கி வந்தால் போதும் என்கிறார் தலைமைப் பொறியாளர். என் எண்ணமும் அதுதான்.

ஜூன் 6


சமுதாயக் கூடத்தில் நாற்பது பேர். திரையில் நீலக் கோட்டைக் காட்டி, "தண்ணி ஆத்துப் பக்கமிருந்து வரும்" என்றேன்.

"எங்க வீட்டுக்கு அப்படி வரலையே மேடம்" என்றார் முன்வரிசைத் தையல்காரம்மா. பின்னால் சிரிப்பு.

எனக்குச் சுருக்கென்றது. தரையில் சாக்பீஸால் தெருக்களை வரைந்தேன். அவரவர் வீடு இருக்கும் இடத்தில் போய் நின்றார்கள். போன வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்த நேரத்தை நான் சொல்லும்போது கையைத் தூக்கச் சொன்னேன்.

காலை ஆறு மணி — தையல்காரம்மா மட்டும், நட்டநடுவில். ஆறேகால் — அவரைச் சுற்றி நால்வர். ஆறரை, ஏழு... கைகள் எழுந்து எழுந்து ஆற்றை நோக்கிப் போயின. ஆற்றை ஒட்டி நின்ற, கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கடைசியாக, எட்டு மணிக்குத்தான் தூக்கினார்.

வெள்ளம் என் கண்முன்னே நடந்து போனது, நான் வரைந்ததற்கு நேர் எதிராக! அவர்களும் முழுசாக அப்போதுதான் பார்த்தார்கள்.

ஆற்றுத் தண்ணீர் சாக்கடை வழியாகத் திரும்பி, தெருக்களின் நடுவே ஏறியிருக்கிறது. அப்படியென்றால் என் சுவர்? ஐயோ, உள்ளே வந்த தண்ணியை வெளியே விடாமல் பிடிச்சு வச்சிருக்குமே!

ஜூன் 7
"பதினாறு வருஷமா யாரைக் கேட்டு வரைஞ்சே?" என்கிறார் என்னவர். கிண்டல்தான்.

ஜூன் 19
தலைமைப் பொறியாளர் — "நாலு பேர் கை தூக்கினா டிசைனை மாத்துவீங்களா?"

"நாற்பது பேர் சார். நீங்களே வந்து பாருங்க. சுவருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நானா சொன்னேன்? வேலை போகுமோ என்னவோ.

ஜூன் 27
வந்தார். அதே கோடுகள், அதே கைகள். "இன்னொரு தடவை" என்றார். மூன்று தடவை செய்ய வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சுவரை நிறுத்துங்க" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 2
சாக்கடை ஆற்றில் சேரும் இடத்தில் ஆற்றுத் தண்ணீர் திரும்பாமல் அடைக்க இரும்பு ஷட்டரும், தெருத் தண்ணீரை வெளியேற்றப் பம்பும் வைத்தாயிற்று. எப்போது மூடுவது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் தெருக்காரர்கள்.

நவம்பர் 12
விடிந்ததிலிருந்து மழை. ஒன்பது மணிக்கு வெள்ளக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி: ஷட்டரை மூடச் சொல்லவும். பதறிப்போய்த் தையல்காரம்மாவைப் போனில் அழைத்தேன். அங்கே பம்பு ஓடும் சத்தம்.

"மூடி முக்கால் மணி ஆச்சு மேடம். தண்ணி திரும்புறது எங்களுக்குத் தெரியாதா? வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல. நீங்க நனையாம வீட்டுலயே இருங்க."

அங்கே கிளம்புவதற்காக மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினேன்.